செல்லாத நோட்டுக்குச் செட்டிநாட்டில் என்ன விலை?

பர்மாவிலும் மலாயாவிலும் செத்துப்போன பணம், காரைக்குடிப் பெட்டகங்களில் எண்பது வருடம் உறங்கிவிட்டு இப்போது வெளியே வருகிறது. வாங்க ஆள் இருக்கிறது. படிக்கத்தான் ஆள் குறைவு.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குக் காலை பத்தரைக்கு மேல்தான் விடியும். வாசலில் எனாமல் தூக்குச்சட்டிகள், பீங்கான் ஜாடிகள், ரவிவர்மா படங்கள், யார் வீட்டுப் பெரியவரோ நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கும் சட்டம் போட்ட புகைப்படம். நான் போன அன்று ஒரு கடைக்குள் டிரங்குப் பெட்டி ஒன்று வந்து இறங்கியிருந்தது. பக்கத்து ஊரில் வீடு பிரிக்கிறார்களாம். தேக்குத் தூண்களுக்கு வேறொருவர் விலை பேசி முடித்தாயிற்று. பெட்டி மட்டும் இங்கே.

சாவி இல்லை. கடைக்காரர் பூட்டில் சுத்தியலால் ரெண்டு தட்டு தட்டினார். மூடி திறந்ததும் பாச்சா உருண்டை வாசம். மேலாக நாலைந்து ஓலைக் கொட்டான், ஒரு வெற்றிலைப் பெட்டி. அடியில் சணல் கயிறு போட்டுக் கட்டிய காகிதக் கட்டு. பிரித்தால், பணம்! குலை தொங்கும் வாழைமரம் அச்சிட்ட பத்து டாலர் நோட்டுகள். ஒரு மடிப்பு இல்லை, அழுக்கு இல்லை. வரிசை எண்ணும் இல்லை. ‘எம்’ என்று தொடங்கும் இரண்டு எழுத்துகள் மட்டும் சிவப்பில். கொண்டுவருபவர் கேட்டதும் பணம் தருவதாக ஜப்பான் அரசாங்கம் ஆங்கிலத்தில் வாக்குக் கொடுத்திருந்தது.

கடைக்காரர் எண்ணினார். ஐம்பத்தெட்டு. செல்போனில் படம் பிடித்து யாருக்கோ அனுப்பினார். பத்து நிமிடத்தில் விலை படிந்துவிட்டது. நோட்டுகள் பிளாஸ்டிக் உறைக்குள் போயின. கட்டைச் சுற்றியிருந்த பழுப்பு நிறச் சீட்டு தரைக்குப் போனது. அதில் மசியில், பழைய கணக்கு எழுத்தில், ‘தாரண ௵ ஆவணி ௴’ என்று ஒரு வரி. தாரண வருடம் என்றால் 1944. அதன் கீழே ‘அசலும் வட்டியும்’ என்று தொடங்கும் இன்னொரு வரி. பெயர் இருந்த இடத்தில் ராமபாணப் பூச்சி ஓட்டை போட்டிருந்தது. அந்த வரியின் முடிவில் வரவுக்கான ௷ குறி.

நோட்டு உலகத்தில் எங்கும் கிடைக்கும். அந்தச் சீட்டு அந்த ஒரு பெட்டியில்தான் இருந்தது.

ஐம்பது நாளில் இரண்டு நாடு

மற்ற ஊர்களில் பழைய நோட்டு சேர்ப்பது பொழுதுபோக்கு. செட்டிநாட்டில் அது முதலில் வீட்டுக் கணக்கு. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தார்கள் கொண்டுவிக்கப் போன ஊர்களின் பட்டியலைப் பார்த்தால் போதும்: ரங்கூன், மோல்மேன், பினாங்கு, சிங்கப்பூர், மேடான், கொழும்பு, சைகோன். ஒவ்வொன்றிலும் ஒரு நாணயம். பர்மாவில் ரூபாய், மலாயாவில் வெள்ளி என்று நம்மவர்கள் சொன்ன டாலர், சுமத்ராவில் கில்டர், சைகோனில் பியாஸ்டர். பெட்டியடிப் பையனாகக் கப்பலேறியவன் மூன்று வருடக் கணக்கு முடித்து ஊர் திரும்பும்போது, மடியில் நாலு நோட்டாவது மிச்சம் இருக்கும்.

பர்மாவில் இருந்த பணத்தின் கனம் இன்று படித்தாலும் மூச்சு முட்டுகிறது. 1929-30-ல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அங்கே புழங்கிய செட்டியார் முதலைச் சுமார் 75 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. பிறகு உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய விவசாயிகளால் கட்ட முடியவில்லை. அடமான நிலம் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சாகுபடி நிலத்தில் 6 சதவீதம் செட்டியார்களிடம் இருந்தது. 1938-ல் அது 25 சதவீதம். கொடுத்தது ரொக்கம், திரும்பி வந்தது சேறு. நிலத்தைத் தூக்கிக்கொண்டு காரைக்குடிக்கு வர முடியாது என்பது அப்போது யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

1937 பிப்ரவரி 10-ம் தேதி மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை ஒரே நாளில் மூன்று ஊர்களில் திறந்தார். காரைக்குடி, சென்னை, ரங்கூன். அதிலிருந்து சரியாக ஐம்பதாம் நாள், ஏப்ரல் 1 அன்று, பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. பணமும் பிரிந்தது. முதலில் ஐந்தாம் ஜார்ஜ் படம் போட்ட இந்திய நோட்டின் மீதே ‘பர்மாவில் மட்டும் செல்லும்’ என்ற பொருளில் மேலச்சு அடித்தார்கள். அடுத்து ஆறாம் ஜார்ஜ் படத்துடன், இந்திய ரிசர்வ் வங்கியின் பெயரிலேயே பர்மாவுக்கென்று தனி நோட்டு. இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் தேடி அலையும் வரிசை இது. 1945-ல் பிரிட்டிஷ் படை திரும்பியபோது ராணுவ நிர்வாகத்தின் மேலச்சு ஒன்று, 1947-ல் பர்மா நாணய வாரியத்தின் மேலச்சு ஒன்று. நோட்டுகளின் முகத்தில் பத்தே வருடத்தில் மூன்று அரசாங்கக் கைகள். வரலாற்றுப் புத்தகம் நாற்பது பக்கத்தில் சொல்வதை இந்த நோட்டுகள் மூன்று முத்திரையில் சொல்லிவிடுகின்றன.

பெட்டிச் செய்தி: நோட்டின் பாட்டன் வீடு

பிரிட்டிஷ் இந்திய அரசு நோட்டு வெளியிடத் தொடங்கியது 1861-ம் வருடக் காகிதப் பணச் சட்டத்துக்குப் பிறகு. தொடக்கத்தில் சென்னை வட்டத்து நோட்டு சென்னை வட்டத்தில்தான் செல்லும்.

தபாலில் பணம் அனுப்புகிறவர்கள் நோட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதி போய்ச் சேர்ந்த தகவல் வந்த பிறகே மறு பாதியை அனுப்புவார்கள். ஒட்டிய ‘அரை நோட்டு’களுக்கு இன்று தனி ரசிகர்கள்.

முதல் ஒரு ரூபாய் நோட்டு 1917 நவம்பர் 30-ல் வந்தது. முதல் உலகப் போரில் வெள்ளித் தட்டுப்பாடு, அதனால்தான் காகிதம். அடுத்த சில வாரங்களில் 2 ரூபாய் 8 அணா நோட்டு.

நாசிக் அச்சகம் 1928-ல் தொடங்கியது. ரிசர்வ் வங்கியின் முதல் நோட்டு 1938 ஜனவரியில் வந்த 5 ரூபாய். கையெழுத்து, இரண்டாவது கவர்னர் ஜேம்ஸ் டெய்லருடையது. முதல் கவர்னர் ஆஸ்போர்ன் ஸ்மித் கையெழுத்திட்ட நோட்டு ஒன்றுகூடக் கிடையாது.

வாழைமர வெள்ளி

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. அதற்கு முந்தைய மாதமே சிங்கப்பூர். பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் தாண்டி நடந்தே வந்தார்கள். வழியில் விழுந்தவர்களுக்குச் சரியான கணக்கு இல்லை. நடந்து வந்தவர் எதைத் தூக்கி வருவார்? இடுப்பில் கட்டிய நகை, கொஞ்சம் ரொக்கம், மிஞ்சினால் கணக்கு ஏடு. ஏட்டைத் தூக்கி வந்தவர்களும் உண்டு என்பது மற்றவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். நகரத்தாருக்கு இருக்காது.

வர முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள் கையில் திணிக்கப்பட்டதுதான் ஜப்பான் நோட்டு. பர்மாவுக்கு ‘பி’, மலாயாவுக்கு ‘எம்’, சுமத்ரா உள்ளிட்ட டச்சுத் தீவுகளுக்கு ‘எஸ்’. எந்த நாட்டுக்கு என்று தெரிய எழுத்து இருக்கும்; பின்னால் தங்கமோ வெள்ளியோ இருக்காது. ஆரம்பத்தில் சிலவற்றில் வரிசை எண் போட்டார்கள், பிறகு அதையும் விட்டுவிட்டார்கள். எத்தனை அச்சடித்தோம் என்ற கணக்கு வெளியே தெரியாமல் இருக்க அதைவிட எளிய வழி இல்லை. மலாயாத் தமிழர்கள் அதற்கு வாழைமர நோட்டு என்று பேர் வைத்தார்கள். ஊர் வாய்க்குத் தெரியாததா! வாழை குலை தள்ளினால் வெட்டுத்தான்.

விலைவாசி ஏற ஏற ஒரு விசித்திரம் நடந்தது. போருக்கு முன்னால் நல்ல வெள்ளியில் வாங்கிய கடனை, கட்டுக் கட்டாக வாழைமர நோட்டைக் கொண்டுவந்து கொட்டி அடைத்தார்கள். வீட்டு அடமானம், தோட்ட அடமானம் எல்லாம் மீண்டது. வாங்க மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அதுதான் அன்றைய அரசாங்கப் பணம். மறுத்தால் ஜப்பான் ராணுவப் போலீஸ் கூப்பிடும். லேவாதேவிக் கிட்டங்கியில் உட்கார்ந்திருந்த மேலாள் வாங்கிப் பெட்டியில் வைத்து, வரவு எழுதி, அடமானப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார். ‘அசலும் வட்டியும்’.

1945-ல் ஜப்பான் விழுந்தது. நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். வரவு எழுதிய தொகை ஏட்டில் இருக்கிறது. பணம் பெட்டியில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரு ஆழாக்கு அரிசி வராது. அந்தக் கடன் தீர்ந்ததா இல்லையா என்று மலாயாவே தலையைப் பிய்த்துக்கொண்டது. 1948-ல் ஆக்கிரமிப்புக் காலக் கடன்களுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. எந்த மாதத்தில் கட்டிய ஜப்பான் பணத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று அதில் ஓர் அட்டவணை. 1942-ல் கட்டியதும் 1944 ஆவணியில் கட்டியதும் அந்த அட்டவணையில் ஒன்றல்ல.

இப்போது அந்தச் சீட்டைத் திரும்பப் பாருங்கள். மாதமும் வருடமும் எழுதி வைத்தது சும்மா இல்லை. என்றைக்காவது நீதிமன்றப் படியேறினால் காட்ட வேண்டிய சாட்சி அது. செல்லாத நோட்டை ஏன் கப்பலேற்றி ஊருக்குக் கொண்டுவந்து எண்பது வருடம் பூட்டி வைத்தார்கள் என்ற கேள்விக்கு ஆசை, ஞாபகம் என்று பல பதில் சொல்கிறார்கள். எனக்குக் கணக்குப்பிள்ளையின் பதில்தான் சரியாகப் படுகிறது. வரவு எழுதியாகிவிட்டது, எழுதியதற்குப் பொருள் பெட்டியில் இருந்தாக வேண்டும்.

(இந்தக் காலத்தின் சூட்டை உணர வேண்டுமானால் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரியில் பிறந்தவர். மேடானும் பினாங்கும்தான் நாவலின் களம்.)

பர்மாவில் அடி இதோடு நிற்கவில்லை. சுதந்திர பர்மா 1948-ல் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. 1962-ல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகளும் வங்கிகளும் அரசுடைமை ஆயின. 1964 மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் ஒரே அறிவிப்பில் செல்லாமல் போயின. அந்தச் சமயத்தில்தான் கடைசிக் கப்பல்களில் நம்மவர்கள் வந்து இறங்கினார்கள். நே வின் பின்னாளில் 45, 90 என்று ஒன்பதால் வகுபடும் மதிப்பில் நோட்டு அடித்தார். ஒன்பது அவருக்கு ராசி எண்ணாம். சேகரிப்பாளர்களுக்கு அது வேடிக்கைப் பொருள். சேமிப்பைத் தொலைத்த பர்மியர்களுக்கு இல்லை.

பங்காளி கூடினால் பெட்டி திறக்கும்

செட்டிநாட்டு வீட்டுக்கு முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளம். பங்காளிகளோ சென்னை, சிங்கப்பூர், நியூஜெர்சி என்று அதைவிட நீளம். முன்னோருக்கான படைப்புக்கோ கல்யாணத்துக்கோ கூடும்போதுதான் இரட்டைப் பூட்டு திறக்கும். ஒரு வீட்டுக்கு முப்பது, நாற்பது பங்குகூட உண்டு. கூரை ஒழுகினால் யார் ஓடு மாற்றுவது என்பதற்கே மூன்று வருடம் பேச்சு நடக்கும். அதற்குள் ஒழுகிய தண்ணீர் பெட்டகத்துக்கு வந்துவிடும்.

கடைசியில் பிரிப்பது என்று முடிவானால் எல்லாவற்றுக்கும் ஆள் வருகிறது. தூணுக்கு ஒருவர், நிலைக்கதவுக்கு ஒருவர், ஆத்தங்குடிக் கல்லுக்கு ஒருவர், பாத்திரத்துக்கு ஒருவர். காகிதத்துக்கும் ஆள் வருகிறது, தராசோடு. பேரேடு, குறிப்பேடு, ஐந்தொகை, உண்டியல் (பணமாற்றுச் சீட்டு) கட்டுகள், ரங்கூனிலிருந்து வந்த கடிதங்கள் எல்லாம் கிலோ கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. நோட்டை மட்டும் தனியாக எடுத்துவிடுவார்கள். நோட்டுக்கு விலை உண்டு என்று இப்போது எல்லோருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் கொஞ்சம் கோபப்பட எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். ஜப்பான் நோட்டு கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டது. லண்டனில் கிடைக்கும், டோக்கியோவில் கிடைக்கும், சென்னை நாணயக் கண்காட்சி மேசையில் குவியலாகக் கிடைக்கும், விலையும் மலிவு. அந்த நோட்டை எந்தக் கிட்டங்கியில், யாரிடம், எதற்காக வாங்கினார்கள் என்று சொல்லும் காகிதம் ஒரே ஒரு பிரதிதான். ராஜா தலை அச்சிட்ட அரசு முத்திரைத் தாளில் எழுதிய உண்டியலும் அப்படித்தான். நோட்டு இல்லாமலேயே ரங்கூனுக்கும் காரைக்குடிக்கும் இடையே பணம் நடந்த வித்தை அதில் இருக்கிறது. நம் ஊர்ச் சேகரிப்பாளர்கள் பலர் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆல்பத்தில் ஒட்டினால் அழகாக இல்லையாம்.

பார்க்கத் தெரிந்த ஒருவர் இதே மண்ணில் இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா. மற்றவர்கள் எடைக்குப் போட்ட புத்தகம், நோட்டீஸ், நாடக விளம்பரம், இதழ் எல்லாவற்றையும் வாங்கி அடுக்கினார். 1992-ல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. அதுதான் இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கடைத்தெருவில் ஒரு மதிப்பும் இல்லாத துண்டு நோட்டீஸையும் சேர்த்தே வைத்ததால்தான் அது ஆராய்ச்சி நூலகம் ஆனது. புத்தகத்துக்குக் கோட்டையூரில் ஒருவர் செய்ததைப் பணத்துக்குச் செய்ய இன்னும் ஒருவர் வரவில்லை. பெங்களூரில் ரெஸ்வான் ரஜாக் இந்தியக் காகிதப் பணத்துக்கென்றே 2020-ல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார். மும்பையில் ரிசர்வ் வங்கியின் அருங்காட்சியகம் இருக்கிறது. காரைக்குடியில் அப்படி ஒன்று இல்லை.

வாட்ஸ்அப் லட்சாதிபதிகள்

‘டிராக்டர் படம் போட்ட பழைய அஞ்சு ரூபா நோட்டுக்கு அஞ்சு லட்சம்!’ இந்தச் செய்தி வராத செல்போன் தமிழ்நாட்டில் இருக்குமா? 786 எண் இருந்தால் இன்னும் கூடுதலாம். ஆசைப்பட்டு அந்த நம்பருக்குப் பேசினால், முதலில் பதிவுக் கட்டணம், அப்புறம் ஜிஎஸ்டி, அப்புறம் ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம். கட்டக் கட்ட அடுத்தது வரும். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது: பழைய நோட்டு, நாணயம் வாங்குவது விற்பதில் நாங்கள் இல்லை, கமிஷனோ கட்டணமோ கேட்பதும் இல்லை.

டிராக்டர் நோட்டு நம் எல்லோர் கையிலும் புழங்கியது. அதிகம் பேர் கையில் இருந்தது எப்படி அரிதாகும்? அரிதான நோட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு தடங்கல் இருக்கும். பி.என். அதார்க்கர் 1970-ல் ரிசர்வ் வங்கிக் கவர்னராக இருந்தது 42 நாள்தான். அதனால் அவர் கையெழுத்துக்குத் தனி மதிப்பு. ஹஜ் பயணிகளுக்காக 1959-ல் ‘எச்ஏ’ என்ற முன்னெழுத்தோடு அடித்த நோட்டு இந்தியாவுக்குள் செல்லாது. அதனால் மிச்சம் குறைவு. படத்துக்கும் ராசி எண்ணுக்கும் இதில் வேலை இல்லை.

ராசி எண் மோகத்தை முழுக்கக் கிண்டல் செய்யவும் எனக்கு மனம் வரவில்லை. பிறந்த தேதி எண்ணில் வரும் பத்து ரூபாய் நோட்டைச் சட்டம் போட்டுப் பரிசு கொடுப்பது இப்போது கல்யாண மண்டபம் வரை வந்துவிட்டது. காரைக்குடிப் பள்ளிப் பிள்ளைகள் சிலர் வேறு ஒரு வழி பிடித்திருக்கிறார்கள்: தமிழ் எழுத்து உள்ள நோட்டு மட்டும் சேர்ப்பது. இந்திய நோட்டு, இலங்கை நோட்டு, ‘சிங்கப்பூர்’ என்று தமிழில் எழுதிய சிங்கப்பூர் நோட்டு, தமிழ் எண்களே இருக்கும் மொரீஷியஸ் நோட்டு. அந்த மொரீஷியஸில் 1998-ல் புது நோட்டு அடித்தபோது தமிழை மூன்றாம் இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். தமிழர்கள் கிளம்பிய வேகத்தில் வங்கி அந்த வரிசையையே திரும்பப் பெற்றது. பெரிய பணம் இருப்பவர்களுக்குத் தஞ்சைப் பெரிய கோயில் படம் போட்ட 1954-ன் ஆயிரம் ரூபாய் இருக்கிறது. 1978 ஜனவரியில் செல்லாமல் போனது. பிள்ளைகளின் ஆல்பம் அதைவிட மலிவு, அதைவிட சுவாரசியம்.

பெட்டிச் செய்தி: 2016 நோட்டு வீட்டில் இருக்கிறதா?

2016 நவம்பர் 8-ல் செல்லாததாக்கப்பட்ட பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகளை வைத்திருப்பதற்கும் வரம்பு உண்டு. 2017-ம் வருடச் சட்டப்படி யாராக இருந்தாலும் மொத்தம் 10 நோட்டு வரை. படிப்பு, ஆராய்ச்சி, சேகரிப்புக்கு என்றால் 25 வரை. அதற்கு மேல் இருந்தால் 10,000 ரூபாய் அல்லது நோட்டின் முகமதிப்பைப் போல ஐந்து மடங்கு, இரண்டில் எது கூடுதலோ அது அபராதம். ஆயாவின் அரிசிப் பானையில் பின்னால் கிடைத்த கட்டுக்கும் இதே சட்டம்தான்.

2023 மே மாதம் திரும்பப் பெறப்பட்ட 2,000 ரூபாய் கதை வேறு. அது செல்லாது என்று அறிவிக்கப்படவில்லை.

வெயிலும் பூச்சியும் செலோடேப்பும்

நோட்டுக் காகிதம் லேசுப்பட்டதல்ல. இந்திய நோட்டு பருத்தியால் ஆனது. 1918 ஜூலையில் லண்டனிலிருந்து பம்பாய் வந்த ‘ஷிராலா’ கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தபோது அதிலிருந்த ஐந்து, பத்து ரூபாய் நோட்டுகள் கடலில் மிதந்து கரை ஒதுங்கின. நூறு வருடம் கழித்து, 2024-ல், அவற்றில் இரண்டு லண்டன் ஏலத்துக்கு வந்தன. கடல் தண்ணீர் குடித்தும் அச்சு அழியவில்லை.

கடல் செய்யாததை நாம் செய்துவிடுகிறோம். முதல் குற்றவாளி செலோடேப். கிழிந்த இடத்தில் ஒட்டினால் பத்து வருடத்தில் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கும். டேப் உரிந்துவிடும், கறை போகாது. அடுத்தது லேமினேஷன். அதற்குள் போன நோட்டைப் பத்திரமாக வெளியே எடுக்க வழியே இல்லை. மூன்றாவது, கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பிவிசி உறை. இளகிய பிளாஸ்டிக்கின் எண்ணெய் நம் ஊர் வெயிலில் கசிந்து நோட்டில் ஒட்டும். உறையை முகர்ந்து பார்த்தால் புது ரெக்சின் வாசம் அடித்தால் வேண்டாம். பாலியெஸ்டர் உறை வாங்குங்கள், மைலார் என்று கேட்டால் தருவார்கள். பாச்சா உருண்டை பூச்சியை விரட்டும், சரிதான். ஆனால் அதையும் பிளாஸ்டிக் உறையையும் ஒரே டப்பாவில் அடைத்தால் பிளாஸ்டிக் இளகும்.

இரும்பு அலமாரி கரையானுக்கு நல்லது, சித்திரை வெயிலுக்குக் கெடுதல். மாடி அறை அலமாரியில் கை வைத்தால் சுடும் என்றால் உள்ளே இருக்கும் காகிதமும் வேகிறது என்று அர்த்தம். இந்த விஷயத்தில் பழைய வீடு கெட்டிக்காரத்தனமாகக் கட்டப்பட்டிருக்கிறது. முட்டைச் சுண்ணாம்பு பூசிய தடித்த சுவர், இரண்டாம் கட்டின் இருட்டறை, தேக்குப் பெட்டகம். பகலும் இரவும் பெரிய வித்தியாசம் இல்லாத குளுமை. அந்தச் சீட்டும் நோட்டும் எண்பது வருடம் தாங்கியதில் அதற்குப் பாதிப் பங்கு. கூரை ஒழுகாத வரை.

சந்தையில் ஏமாற்று எங்கே நடக்கிறது என்று பல வருடமாக நோட்டு சேர்க்கும் ஓர் ஆசிரியரிடம் கேட்டேன். அவர் பேசவில்லை, ஒரே மாதிரி இரண்டு நோட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். ஒன்றில் அச்சின் மேடு விரலுக்குத் தட்டுப்பட்டது; வெளிச்சத்தில் இரண்டு குண்டூசித் துளைகள். மற்றது பளபளவென்று தட்டையாக இருந்தது. அலசி, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டது. அழுக்கானதும் துளை உள்ளதும் நல்ல நோட்டு, பளபளப்பது ஏமாற்று. நம் வங்கிகளில் பல காலம் நோட்டுக் கட்டைப் பின் அடித்தே வைத்தார்கள். 2001-ல்தான் ரிசர்வ் வங்கி அதை நிறுத்தச் சொன்னது. ஆகவே அந்தக் கால இந்திய நோட்டில் துளை இருப்பது அதன் ஊர் அடையாளம். மேலச்சு நோட்டு வாங்கும்போது இன்னும் எச்சரிக்கை வேண்டும். சாதாரண ஐந்தாம் ஜார்ஜ் நோட்டில் ‘பர்மாவில் மட்டும்’ என்று புதிதாக முத்திரை அடித்தால் விலை பல மடங்கு ஏறும் என்பது போலி செய்கிறவருக்கும் தெரியுமே.

இது எல்லாவற்றுக்கும் எளிய காப்பு ஒன்று உண்டு. இந்த நோட்டு இந்த ஊரில், இந்த வீட்டுப் பெட்டியில், இந்தக் காகிதத்தோடு இருந்தது என்ற தடயம். வந்த வழி தெரிந்த நோட்டைத்தான் உலகச் சந்தையும் நம்புகிறது. அதாவது, தரையில் கிடந்த அந்தப் பழுப்புச் சீட்டு.

“அது எதுக்குண்ணே, குப்பை” என்று சொல்லித்தான் கடைக்காரர் அதை என்னிடம் கொடுத்தார். காசு வாங்கவில்லை. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து மெல்லப் பிரித்தேன். மடிப்புக்குள் இருந்ததால் கடைசி வரி மட்டும் மசி மங்காமல் இருந்தது. தமிழ் எண்ணில் தொகை: ௪௲௨௱ வெள்ளி. நாலாயிரத்து இருநூறு. பெட்டியில் இருந்தது ஐம்பத்தெட்டு பத்து வெள்ளி நோட்டு. ஐநூற்று எண்பதுதான் ஆகிறது. சொத்துப் பிரித்தபோது கட்டையும் பிரித்திருக்க வேண்டும்.

கணக்கைச் சொன்னேன். கடைக்காரர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு கையை நீட்டினார்.

“அந்தச் சீட்டைக் கொஞ்சம் குடுங்கண்ணே. எந்த ஊரு பங்காளின்னு போட்டுருக்கா?”